ஒரு கடை, பல இலாகா: சென்னையில் கூட்டாய்வு நடத்துவது எப்படி

சென்னையில் நடுத்தரமான ஒரு பிரியாணிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இறைச்சி, எண்ணெய், மசாலா எல்லாம் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. கடைக்கான தொழில் உரிமம், பின்வாசலில் தேங்கும் கழிவுநீர், குப்பை, எலி, கரப்பான் ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. பார்சல் கட்டும் பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் பொருள். அதற்கு மாநகராட்சியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உண்டு. அடுப்படியில் 19 கிலோ வணிக சிலிண்டருக்குப் பதிலாக வீட்டு சிலிண்டர் நின்றால் அது குடிமைப் பொருள் வழங்கல் துறை. தராசும், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கும் தண்ணீர் பாட்டில் காசும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. அண்டாவை நடைபாதையில் இறக்கி வைத்திருந்தால் காவல் துறையும் வரும். இத்தனை பேரும் தனித்தனியே வந்து, தனித்தனியே எழுதிக்கொண்டு போவார்கள். மறுநாளும் அதே எண்ணெயில் கோழி வறுபட்டுக்கொண்டிருக்கும்.

நான் மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, 2011இல் சட்டம் மாறியபோது மாநிலத் துறைக்கு வந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். புதிதாகப் பணியில் சேர்ந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் சுகாதார ஆய்வாளர்களும் இன்றும் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். பல இலாகா சேர்ந்து ஒரே நேரத்தில் போகும் கூட்டாய்வைப் பற்றி அவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். என் வாதம் ஒன்றுதான்: எந்த இலாகா எந்த வேலையை எந்த வரிசையில் செய்யப்போகிறது, முடிந்த பிறகு கோப்பு யார் மேசையில் இருக்கும் என்பது கிளம்புவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் நல்ல வழக்குகள் இரண்டு இலாகாவுக்கு நடுவில் விழுந்துதான் வீணாகியிருக்கின்றன.

யார் கையில் எந்த அதிகாரம்

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் உணவு ஆய்வாளர் உள்ளாட்சியின் ஆள். சாக்கடை அடைப்பையும் பால் கலப்படத்தையும் ஒரே ஆள் பார்த்தார். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது அந்த வேலை இரண்டாகப் பிரிந்தது. உணவு மாநிலத் துறைக்குப் போனது. அதன் ஆணையரகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே பகுதிவாரியாக உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். சுகாதாரமும் தொழில் உரிமமும் மாநகராட்சியிலேயே தங்கிவிட்டன. பிரித்தது சரியா தவறா என்று இன்னும் டீக்கடையில் விவாதிப்பவர்கள் உண்டு. பிரித்தாயிற்று, இனி சேர்ந்து நடக்கப் பழகுவதுதான் வேலை.

பொதுமக்களுக்கும், ஏன், நம்மில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி: உணவுப் பாதுகாப்பு அலுவலர் நினைத்த மாத்திரத்தில் கடையை இழுத்து மூட முடியாது. அவர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி உள்ளே நுழையலாம், சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகத்துக்குரிய சரக்கைப் பறிமுதல் செய்யலாம். உரிமத்தில் கை வைப்பது நியமன அலுவலரின் அதிகாரம். முதலில் 32ஆம் பிரிவின்படி குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ், அதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம், அதற்கும் அசையாவிட்டால் உரிமம் தற்காலிக நிறுத்தம், பிறகு ரத்து. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று காரணத்தை எழுத்தில் பதிந்தால் மட்டும் உடனடியாக உரிமத்தை நிறுத்திவைக்கலாம். 34ஆம் பிரிவில் அவசரத் தடைக்கும் வழி இருக்கிறது. அதுவும் நியமன அலுவலர் தொடங்கி ஆணையர் வரை போக வேண்டும்.

மாநகராட்சியின் கை வேறு மாதிரி. தொழில் உரிமம் இல்லாமல் கடை நடந்தால் அவர்கள் சட்டப்படி பூட்டலாம். ஆனால் உணவு கெட்டது என்று சொல்லிப் பூட்டினால் நீதிமன்றத்தில் நிற்காது. இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது மிக எளிதாக நடக்கும் தவறு இதுதான்: மாநகராட்சி ஊழியர் பூட்டுகிறார், காரணத்தில் "உணவு தரமற்றது" என்று எழுதுகிறார். கடைக்காரரின் வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரி போதும். பூட்டுவது எந்தச் சட்டத்தில், எந்தக் குறைக்காக என்பதைப் பூட்டுகிறவர் தம்முடைய சட்டத்தின் சொற்களிலேயே எழுத வேண்டும்.

காவல் துறையை எதற்கு அழைக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். பாதுகாப்புக்கு, அடையாளம் உறுதிசெய்ய, தப்பி ஓடும் வண்டியை நிறுத்த அழைக்கலாம். முதல் தகவல் அறிக்கை போடச் சொல்வதற்கு முன் யோசியுங்கள். கலப்பட உணவுக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 272, 273 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 274, 275. பாதுகாப்பற்ற உணவுக்குத் தண்டனை சொல்லும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு பொருந்துகிற இடத்தில் பழைய அந்த இரண்டு பிரிவுகளும் ஓடாது, சிறப்புச் சட்டமே மேலோங்கும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண் மாறினாலும் வாதம் அதேதான் வரும். காவல் நிலையத்தில் ஒரு வழக்கு, நம்மிடம் ஒரு வழக்கு என்று இரண்டு படகில் கால் வைத்தால் இரண்டும் கவிழும். குட்கா வழக்குகள் வேறு கணக்கு; அதை இங்கே இழுக்கவில்லை.

எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது

ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கம் வரை சென்னை. பல்லாவரத்தில் நீங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரம் மாநகராட்சியில் நிற்கிறீர்கள். நடுவில் பரங்கிமலை - பல்லாவரம் கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்புப் பகுதி தனித் தீவு. மேற்கே ஆவடி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். போரூரைத் தாண்டி மாங்காடு, குன்றத்தூர் என்றால் காஞ்சிபுரம் மாவட்டம். இத்தோடு 2022 முதல் தாம்பரம், ஆவடி என்று தனித்தனிக் காவல் ஆணையரகங்கள். அவற்றின் எல்லை மாநகராட்சி எல்லையோடு ஒட்டாது. பழைய மகாபலிபுரம் சாலையின் தென்பகுதியில் கடை சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும், காவல் நிலையம் தாம்பரம் ஆணையரகத்தில் இருக்கும். ஆகவே கூட்டாய்வுக் குறிப்பில் கடைப் பெயரோடு நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: வார்டு, மண்டலம், வருவாய் மாவட்டம், காவல் நிலையம். இதில் ஒன்று தவறினால் உங்களிடம் அதிகாரமே இல்லை என்று வழக்கின் முதல் நாளிலேயே எழுந்து நிற்பார்கள்.

சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்களுக்குள் ரயில்வேக்கென்று தனி உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். நடைமேடையில் இருக்கும் உணவுப் பெட்டி அவர்கள் எல்லை. வெளியே ஆட்டோவில் ஏறிய பெட்டி நம்முடையது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இறக்குமதியாகும் உணவை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே நேரடியாகப் பார்க்கிறது. கோயம்பேட்டில் கடைக்குள் நுழையும் முன் அங்காடி நிர்வாகக் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், எந்தக் கடையின் கிடங்கு எந்தச் சந்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காசிமேட்டில் மீன் இறங்கும் நேரம் விடியலுக்கு முன்னால். அங்கே மீன்வளத் துறையை விட்டுவிட்டுப் போனால் ஏலம் முடிந்து வெறும் ஐஸ் பெட்டிதான் மிஞ்சும்.

முந்தின நாள் மாலை

கூட்டாய்வுக் குறிப்பு ஒரே ஒரு பக்கம். அதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியது: புகார் எங்கிருந்து வந்தது (மாநகராட்சியின் 1913 எண்ணுக்கா, நம் துறைக்கா, மருத்துவமனையிலிருந்தா), அந்தக் கடைக்கு முன்பு யாராவது நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்களா, யார் தலைமை, யார் மாதிரி எடுப்பது, யார் படம் பிடிப்பது, அழிக்க வேண்டியிருந்தால் யாருடைய வண்டி, செய்தியாளரிடம் பேசுவது யார்.

முன்பு கொடுத்த நோட்டீஸ் என்று சொன்னேனே, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே கடைக்கு மாநகராட்சி மூன்று முறை உடனடி அபராதம் போட்டிருக்கும். அது உணவுத் துறைக்குத் தெரியாது. நாம் இரண்டு முறை 32ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்திருப்போம். அது மாநகராட்சியின் மண்டல நல அலுவலருக்குத் தெரியாது. இரண்டையும் அடுக்கி வைத்தால்தான் இது ஒரு நாள் கவனக்குறைவு என்ற வாதம் எடுபடாது. ஆகவே மாலையில் முதல் தொலைபேசி அழைப்பு மண்டலத்தின் சுகாதார ஆய்வாளருக்கு இருக்க வேண்டும். அவர் பகுதியை நடந்தே அறிந்தவர். பின்பக்கம் இன்னொரு ஷட்டர் இருக்கிறது, சமையல் அங்கே நடக்கவில்லை, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் நடக்கிறது என்பதை எந்த இணையப் பதிவேடும் சொல்லாது, அவர் சொல்வார்.

இனி தகவல் கசிவு. இதை மரியாதைக்காக மறைத்துப் பயனில்லை. ஐந்து இலாகாவுக்குச் சொன்னால் ஆறாவதாகக் கடைக்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, மாலையில் எல்லோருக்கும் நேரத்தையும் கூடும் இடத்தையும் மட்டும் சொல்வது. கடைப் பெயர் தலைமை வகிப்பவரிடமும் நியமன அலுவலரிடமும் இருக்கும். காலையில் வண்டி கிளம்பிய பிறகு மற்றவர்களுக்குச் சொல்லலாம். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வாட்ஸ்அப் குழு தொடங்குவதாக இருந்தால் அந்த ஆய்வுக்கு மட்டும் தொடங்குங்கள். முடிந்ததும் உரையாடலைப் பதிவிறக்கிக் கோப்பில் வைத்துவிட்டுக் குழுவைக் கலைத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் நிரந்தரக் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கடை முகவரியைப் போடுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் ஒன்று.

கடைக்குள்: எது முதலில்

வரிசை இதுதான், மாற்றக் கூடாது. முதலில் அடையாள அட்டை, பிறகு உரிமம் அல்லது பதிவுச் சான்றின் 14 இலக்க எண், பிறகு படம், பிறகு மாதிரி, பிறகு பறிமுதல், கடைசியில்தான் சுத்தம், அழிப்பு, அபராதம் எல்லாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாநகராட்சி ஊழியர்களுக்குக் கெட்ட இறைச்சியைக் கண்டால் கை பரபரக்கும். அது நல்ல குணம்தான். குளிர்பெட்டியைத் திறந்து நாற்றம் மூக்கில் ஏறியதும் பிளீச்சிங் பவுடரையோ பினாயிலையோ மேலே கொட்டிவிடுவார்கள், யாரும் எடுத்துச் சமைத்துவிடக் கூடாதே என்று. அந்த நொடியில் சாட்சியம் செத்தது. பினாயில் ஊற்றிய இறைச்சியைப் பகுப்பாய்வாளர் எப்படிச் சோதிப்பார்? ஆகவே வண்டியில் போகும்போதே அந்த ஊழியரைப் பெயர் சொல்லி அழைத்து, "அண்ணே, நான் சொல்லும்வரை பினாயில் வண்டியிலேயே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலதிகாரியிடம் சொன்னேன் என்பது போதாது; பாட்டிலைக் கையில் வைத்திருப்பவரிடம் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுப்பதைப் பால் வழியே விளக்குகிறேன், அதில்தான் எல்லா நுணுக்கமும் தெரியும். பாலை முதலில் நன்றாகக் கலக்க வேண்டும். மேலே நிற்கும் கொழுப்பை மட்டும் மொண்டால் கணக்கு தவறும். எடுத்த பாலுக்கு விலை கொடுத்து ரசீது வாங்குங்கள். மாதிரி எடுப்பதைத் தெரிவிக்கும் படிவம் 5ஏ நோட்டீஸைக் கடைக்காரர் கையில் கொடுங்கள். சாட்சி ஒருவராவது வேண்டும். கூட வந்த இலாகா ஆளையே சாட்சியாக்காமல் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வர மாட்டார், கேட்டதையும் மறுத்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். உலர்ந்த சுத்தமான நான்கு பாட்டில்களில் பிரித்து, பால் கெடாமல் இருக்க 25 மில்லிக்கு இரண்டு துளி என்ற கணக்கில் ஃபார்மலின் விட்டு, குலுக்கி, மூடி, தடித்த தாளில் சுற்றிக் கோந்து ஒட்ட வேண்டும். நியமன அலுவலரின் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் உள்ள நீளச் சீட்டு அடியிலிருந்து உச்சி வரை சுற்றி வரும். கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டின் மேலும் பாதி சுற்றிய தாளின் மேலும் விழ வேண்டும். சீட்டைப் பிரித்தால் கையெழுத்து உடைந்துவிடும், அதுதான் உத்தி. பிறகு நூல் கட்டி அரக்கு முத்திரை. மே மாத வெயிலில் தெருவோரம் நின்று அரக்கு காய்ச்சியவருக்குத் தெரியும், முத்திரையைத் தூக்குவதற்குள் அது எப்படி இழுபடும் என்று. அவசரப்படாமல் ஆறவிடுங்கள்.

நான்கில் ஒன்று பகுப்பாய்வாளருக்கு. சென்னையில் என்றால் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் உள்ள உணவுப் பகுப்பாய்வுக் கூடம். இரண்டு பாட்டில்கள் நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது, கடைக்காரர் கேட்டால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகத்துக்குப் போகும். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு ஜெயித்த வழக்கை நான் கண்டதில்லை.

கிருமிச் சோதனைக்கு எடுக்கும் மாதிரி இதிலிருந்து முற்றிலும் வேறு. அதில் ஃபார்மலின் ஒரு துளி விழுந்தாலும் தேடிப் போன கிருமி செத்துவிடும். கிருமி நீக்கிய கலன், குளிர்ப்பெட்டி, அன்றே ஆய்வகம். இரண்டு வகை மாதிரியையும் ஒருவரே எடுத்தால் இரண்டு பைகளையும் தனித்தனியே வையுங்கள். உடனடிச் சோதனைப் பட்டைகளைப் பற்றியும் ஒரு சொல்: மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்று பட்டை நிறம் மாறிக் காட்டும். எந்தப் பெட்டியிலிருந்து மாதிரி எடுப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டும் அது உதவும். பட்டையின் நிறத்தை நம்பி வழக்கு நடத்த முடியாது.

அழிப்பதாக இருந்தால் எடை போட்டு, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) எழுதி, கடைக்காரர் கையெழுத்து வாங்கிய பின் மாநகராட்சி வண்டியில் ஏற்றி, கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ கொட்டும் வரை ஒருவர் கூடப் போக வேண்டும். எடை போட வந்த தராசில் எடையளவுப் பிரிவின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நீதிமன்றத்தில் கேட்பார்கள்.

நம் கைகளையும் சட்டம் கட்டித்தான் வைத்திருக்கிறது. காரணமில்லாமல் தொல்லை கொடுக்கும் நோக்கில் பறிமுதல் செய்த அலுவலருக்கு 39ஆம் பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஐந்து இலாகா ஆட்கள் சேர்ந்து நிற்கும்போது கூட்டத்தின் தைரியம் வந்துவிடும், குரல் உயரும். அப்போது தலைமை வகிப்பவர் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும்.

வாய் திறப்பது யார்

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. ரயில்வே பாதுகாப்புப் படை, உணவுப் பாதுகாப்புத் துறை என்று பலரும் இருந்த இடம். வால் நீளமாக இருந்ததைப் பார்த்து நாய்க்கறி என்ற பேச்சு கிளம்பி, அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனையில் அது ஆட்டிறைச்சி என்று தெரிந்தது. அதற்குள் பிரியாணிக் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. கெட்டுப்போயிருந்ததா, குளிர்பதனம் ஒழுங்காக இருந்ததா, அனுப்பியவர் யார், உரிமம் உண்டா என்ற உண்மையான கேள்விகள் எல்லாம் அந்த வாலுக்குப் பின்னால் மறைந்துபோயின.

ஆகவே ஆய்வகம் சொல்லும் வரை மூன்று வாக்கியம்தான்: இன்ன இடத்தில், இவ்வளவு எடை, மாதிரி அனுப்பப்பட்டுள்ளது. விலங்கின் பெயரை யாரும் உச்சரிக்க வேண்டாம். ஒரே ஒருவர் பேசட்டும், அவர் நியமன அலுவலராக இருப்பது நல்லது.

வாந்தி, பேதி என்று தகவல் வந்தால்

இங்கே வரிசை தலைகீழாகிறது. கடைக்கு முன் மருத்துவமனை. நோயாளியின் மாதிரி சுகாதாரத் துறையின் வேலை, மிஞ்சிய உணவு நம் வேலை. இரண்டும் ஒரே கிருமியைக் காட்டினால்தான் வழக்கு. ஆகவே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ உடனே சொல்ல வேண்டியது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன் மல மாதிரி எடுத்துவைக்கச் சொல்லி. சிகிச்சையைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. மாதிரியை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

நோயாளியிடம் எந்தக் கடை என்று முதலில் கேட்காதீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று கேளுங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். காய்ச்சலோடு பேதி போகிறவருக்கு அரை மணி நேரம் முன்பு குடித்த பழச்சாற்றின் மேல் பழி போட்டால், முந்தின நாள் இரவு சாப்பிட்ட கடை அதற்குள் பாத்திரம் கழுவி முடித்திருக்கும். நோயாளிகள் தாம்பரத்திலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் சிதறியிருப்பார்கள், சாப்பிட்ட கல்யாண மண்டபம் ஒன்றாக இருக்கும். மூன்று மாவட்ட அலுவலர்களும் ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்தினால்தான் அந்த மண்டபம் வெளியே வரும். கேள்வித்தாளை அன்றைக்கு உட்கார்ந்து தயாரிக்காமல் முன்பே அச்சடித்து வைத்திருங்கள்.

தள்ளுவண்டியும் பெருங்கடையும்

தள்ளுவண்டிக்காரரிடம் உணவுச் சட்டத்தைக் காட்டி வண்டியை அகற்றாதீர்கள். வண்டி எங்கே நிற்கலாம் என்பது 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டமும் நகர விற்பனைக் குழுவும் சொல்ல வேண்டியது. நம் வேலை பதிவுச் சான்று, தண்ணீர், கை, எண்ணெய். இரண்டையும் கலக்கினால் அடுத்த முறை நம்மைக் கண்டதும் வண்டி ஓடும், தகவல் சொல்ல ஆள் இருக்காது. 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தபோது, மெரினாவில் குச்சியைத் தோளில் சுமந்து விற்றவரைப் பிடிப்பது எளிது. துணிக்குப் போடும் சாயத்தை அவருக்கு விற்றவரைப் பிடிப்பதுதான் ஆய்வு. அதற்குக் காவல் துறையின் உதவியும், விற்பவரின் மொழி தெரிந்த ஒருவரும், மிரட்டாத குரலும் தேவை.

கேன் தண்ணீர் ஆலைகளில் சட்டத்தின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இந்திய தர நிர்ணய அமைவனச் சான்று (ஐ.எஸ்.ஐ. முத்திரை) கட்டாயம் என்ற உணவு விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அதற்கு முன் எடுத்த வழக்கையும் பின் எடுத்த வழக்கையும் ஒரே மாதிரி எழுத முடியாது.

பல கிளைகள் உள்ள உணவகங்கள் வேறு தலைவலி. மையச் சமையலறை ஒரு மாவட்டத்தில், கிளைகள் மூன்று மாவட்டங்களில். அடையாறு கிளையில் ஒரு அலுவலர் சரி என்றதை ஆவடியில் இன்னொருவர் தவறு என்பார். கடைக்காரர் இரண்டு கடிதத்தையும் ஃபிரேம் போட்டு மாட்டிவைப்பார். பிரிட்டனில் இதற்கென்றே உள்ளாட்சிகள் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு அமைப்பை வெகுகாலம் நடத்தின. பிறகு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஓர் உள்ளாட்சியோடு இணைந்துகொள்ளலாம். மற்ற உள்ளாட்சிகள் நடவடிக்கை எடுக்கும் முன் அந்த உள்ளாட்சியைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நம் சட்டத்தில் அது இல்லை. இருந்தாலும் மையச் சமையலறை இருக்கும் பகுதியின் அலுவலரை அந்த நிறுவனத்துக்குத் தாய் அலுவலராக வைத்துக்கொண்டு, கிளையில் குறை கண்டவர் அவருக்கு ஒரு நகல் அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாவட்டக் குழுக் கூட்டத்தில் இதைப் பதிவு செய்துவிட்டால் ஆள் மாறினாலும் பழக்கம் தொடரும்.

திரும்பி வந்த பிறகு

அன்று மாலையே மாதிரியின் விவரம் சொல்லும் படிவம் 6 குறிப்பாணையும் மாதிரியும் ஆய்வகத்துக்குத் தனித்தனியே போக வேண்டும். பகுப்பாய்வாளருக்கு 14 நாள். அறிக்கை நியமன அலுவலருக்கு வரும். கடைக்காரருக்கு நகல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு; ஏற்றுக்கொண்டால் மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வகத்துக்கு இரண்டாம் பங்கு போகும். தரம் குறைவு, லேபிள் தவறு என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் அபராத விசாரணை. பாதுகாப்பற்றது என்றால் ஆணையர் அனுமதி பெற்று நீதிமன்றம். குற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கு தொடர வேண்டும். ஆணையர் காரணம் எழுதி அனுமதித்தால் மூன்றாண்டு வரை. இந்த ஓராண்டைத்தான் இலாகாக்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியே தின்றுவிடுகின்றன. நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போய்த் தபால் பிரிவில் நின்று கடிதத்துக்குப் போட்ட நடப்பு எண்ணைக் கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் கூட வந்த எல்லா இலாகாவுக்கும் ஒரு பக்க நகல் அனுப்புங்கள், நமக்குச் சாதகமாக வந்தாலும் சரி, கடைக்காரருக்குச் சாதகமாக வந்தாலும் சரி. முடிவு தெரியாத ஆய்வுக்கு அடுத்த முறை ஆள் வர மாட்டார்கள். 1913க்குப் புகார் சொன்னவருக்கும் மாநகராட்சி வழியே ஒரு வரி பதில் போகட்டும்.

இறுதி உத்தரவின் நகல் ஒன்று மண்டல நல அலுவலரிடம் இருக்க வேண்டும். தொழில் உரிமம் புதுப்பிக்க அந்தக் கடை வரும்போது அது மேசையில் இருக்கும். அதைக் கடைப் பெயரில் அடுக்க வேண்டாம். பெயர்ப் பலகை ஒரே இரவில் மாறிவிடும், உரிமையாளர் மைத்துனராகிவிடுவார். தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும்.